ஒண்ணா தெரியுதா, ரெண்டா தெரியுதா?

ஒரு பென்சிலை மூக்குக்கு நேரா, கை நீட்டின தூரத்துல பிடிங்க. அதன் நுனியையே பார்த்துக்கொண்டு மெதுவாக மூக்கை நோக்கிக் கொண்டுவாங்க. ஒரு கட்டத்தில் நுனி இரண்டாகப் பிரியும். மூக்குக்கு நாலைந்து சென்டிமீட்டர் கிட்டே வந்தபிறகு பிரிந்தால் பிரச்சினை இல்லை. பத்து, பதினைந்து சென்டிமீட்டரிலேயே பிரிந்துவிட்டால், இரண்டு கண்ணும் உள்பக்கமாகத் திரும்பி ஒரே இடத்தில் குவிய சிரமப்படுகின்றன என்று சந்தேகப்படலாம். கன்வர்ஜன்ஸ் இன்சஃபிஷியன்சி என்பார்கள். குவியும் திறன் குறைவு என்று வைத்துக்கொள்ளலாம்.

சிக்கல் என்னன்னா, சுவரில் மாட்டியிருக்கும் எழுத்து அட்டை இதைக் காட்டிக்கொடுக்காது. ஒரு கண்ணை மூடி மறு கண்ணைச் சோதித்தால் இரண்டுமே 6/6 வரும். பார்வை நல்லாத்தான் இருக்குன்னு அனுப்பிடுவாங்க. அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய் புத்தகத்தைத் திறந்தால், கொஞ்ச நேரத்தில் எழுத்து மிதக்கும், வரி மாறும், தலை வலிக்கும். எல்லாருக்கும் இப்படித்தான் போலன்னு அது வாய் திறந்து சொல்லவும் சொல்லாது. எதிரே உட்கார்ந்து கேட்கத் தெரிந்த ஆள் வேணும். அப்படி ஆட்களைப் பழக்கி எடுக்கிற வேலை எப்போது, யாரால் ஆரம்பித்தது என்று சில வாரமாகத் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். கதை நான் நினைத்ததைவிட நீளம்.

1838-ல் சார்ல்ஸ் வீட்ஸ்டன் ஸ்டீரியோஸ்கோப்பை அறிவித்தார். கொஞ்சமே வேறுபட்ட இரண்டு படங்களை ஆளுக்கொன்றாக இரண்டு கண்ணுக்கும் காட்டினால், மூளை அவற்றைச் சேர்த்து ஆழமுள்ள ஒரே காட்சியாக்கிவிடுகிறது. அடுத்த வருஷமே பெர்லினில் டீஃபன்பாக் மாறுகண்ணுக்குத் தசையை வெட்டி அறுவை சிகிச்சை செய்தார். ஐரோப்பா முழுக்க அது வேகமாகப் பரவியது. உள்பக்கம் திரும்பியிருந்த கண் சிகிச்சைக்குப் பிறகு வெளிப்பக்கம் திரும்பிக்கொண்ட நோயாளிகளும் நிறைய. கண் நேராகிவிட்டால் போதும் என்றிருந்த காலம். இரண்டு கண்ணும் சேர்ந்து பார்க்கிறதா என்று கேட்க ஆளில்லை.

கேட்டவர் எமில் ஜவால். பாரிஸ்காரர், முதலில் சுரங்கப் பொறியாளர். அப்பாவுக்கு மாறுகண், தங்கை சோஃபிக்கும் மாறுகண். தங்கையின் கண்ணைக் கத்தி படாமல் சரிசெய்ய முடியுமா என்று பார்க்கத் தொடங்கியவர், பிறகு மருத்துவமே படித்துவிட்டார். நல்ல கண்ணை மூடி வைத்து மற்றக் கண்ணுக்கு வேலை கொடுப்பது, அப்புறம் ஸ்டீரியோஸ்கோப்பில் அட்டை அட்டையாகப் போட்டு இரண்டு படத்தையும் ஒன்றாகச் சேர்க்கப் பழக்குவது, இதுதான் அவர் முறை. கேட்க எளிது. மாதக்கணக்கில் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு உட்கார வேண்டும். மாறுகண் பற்றிய பெரிய கையேட்டை அவர் வெளியிட்டது 1896-ல். கொடுமை என்னவென்றால், 1900 வாக்கில் குளுக்கோமா அவருடைய இரண்டு கண்களையும் முழுசாகப் பறித்துவிட்டது.

அண்ணன் தங்கைக்காக உட்காருவார். ஆனால் கூட்டம் நிற்கும் மருத்துவமனையில் எந்த டாக்டர் ஒரு குழந்தையோடு அவ்வளவு நேரம் உட்காருவார்? இந்த வைத்தியத்தின் வரலாறு முழுக்க இந்தக் கேள்வியைத்தான் சுற்றிவருகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

லண்டனில் கிளாட் வொர்த் 1903-ல் மாறுகண் பற்றிய தன் புத்தகத்தை வெளியிட்டார். இரண்டு படத்தையும் ஒன்றாக்கும் திறன் சின்ன வயசிலேயே வளர்ந்து முடிந்துவிடுகிறது, அதனால் சீக்கிரம் பிடிக்க வேண்டும் என்பது அவர் வாதம். எழுத்து தெரியாத குழந்தையை எப்படிச் சோதிப்பது? வெவ்வேறு அளவில் தந்தப் பந்துகளைத் தரையில் உருட்டிவிட்டு எடுத்துவரச் சொன்னார். அவர் பெயரில் உள்ள நான்கு புள்ளிச் சோதனை இன்றைக்கும் எல்லா கண் மருத்துவமனையிலும் உண்டு. ஒரு கண்ணுக்குச் சிவப்புக் கண்ணாடி, மறு கண்ணுக்குப் பச்சை. நாலு புள்ளி தெரிந்தால் கண்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. ஐந்து என்றால் இரட்டைப் பார்வை. இரண்டோ மூன்றோ என்றால் ஒரு கண்ணை மூளை அணைத்து வைத்திருக்கிறது. இந்தச் சோதனைக்குக் கருவி பெரிசில்லை, குழந்தை தைரியமாக உண்மையைச் சொல்ல வேண்டும். “நாலுதானே?” என்று கேட்டால் நாலு என்றுதான் சொல்லும்.

டாக்டருக்கு நேரமில்லை என்ற பிரச்சினைக்கு விடை ஒரு பெண்ணிடமிருந்து வந்தது. எர்னஸ்ட் மேடக்ஸ் என்ற கண் மருத்துவரின் மகள் மேரி மேடக்ஸ். அப்பாவிடம் கற்றுக்கொண்டு 1920களின் முடிவில் லண்டனில் இந்தப் பயிற்சி சிகிச்சையைத் தனித் தொழிலாகவே நடத்தினார். பிறகு ராயல் வெஸ்ட்மின்ஸ்டர் கண் மருத்துவமனையில் இதற்கென்று ஒரு பிரிவு வந்தது. 1937-ல் பிரிட்டனில் ஆர்த்தாப்டிஸ்டுகளின் சங்கமும் உருவானது. ஆரம்பத்தில் இந்த வேலைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். பொறுமை வேண்டிய வேலையைப் பெண்களிடம் தள்ளிவிட்ட கதைதான் என்று சொல்லலாம். ஆனாலும் அவர்கள் அதைப் பாடத்திட்டமும் பரீட்சையும் உள்ள துறையாக மாற்றிக்காட்டினார்கள்.

அமெரிக்காவில் வண்டி வேறு தண்டவாளத்தில் போனது. அங்கே கண்ணாடிக்குப் பவர் பார்க்கும் ஆப்டோமெட்ரிஸ்டுகள், கண் மருத்துவர்களுக்குக் கீழே இல்லாமல், தாங்களே இதைக் கற்றுக்கொண்டார்கள். 1928-ல் தொடங்கிய ஆப்டோமெட்ரிக் எக்ஸ்டென்ஷன் புரோகிராம் மூலம் ஸ்கெஃபிங்டன் ஊர் ஊராகப் போய்ப் பாடம் எடுத்தார். ஆனால் சிலர் கண் பயிற்சி படிப்புக் கோளாறையெல்லாம் தீர்த்துவிடும் என்று சொல்லத் தொடங்க, மருத்துவர்கள் மொத்தத்தையும் சந்தேகப்பட்டார்கள். 2009-ல் கூட அமெரிக்கக் குழந்தை மருத்துவ, கண் மருத்துவ அமைப்புகள் சேர்ந்து, டிஸ்லெக்சியாவுக்குக் கண் பயிற்சி மருந்தல்ல என்று அறிக்கை விட்டன.

சண்டையில் உருப்படியான விஷயம் ஒன்று நடந்தது. 2008-ல் வெளியான ஆய்வு. குவியும் திறன் குறைந்த, 9 முதல் 17 வயதுக்குட்பட்ட 221 பிள்ளைகளை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். வீட்டிலேயே பென்சில் பயிற்சி, வீட்டில் பென்சிலோடு கணினிப் பயிற்சி, வாராவாரம் கிளினிக்கில் ஒரு மணி நேரம் பயிற்சியாளரோடு, கடைசியாக, அதே மாதிரி கிளினிக்கில் ஆனால் வெறும் போலிப் பயிற்சி. 12 வாரம். பயிற்சியாளரோடு செய்தவர்களில் 73 சதவீதம் பேருக்குக் குணமோ முன்னேற்றமோ தெரிந்தது. பென்சில் குழுவில் 43, கணினிக் குழுவில் 33, போலிப் பயிற்சியில் 35. அதுவரை அதிகமாக எழுதிக்கொடுக்கப்பட்டது அந்தப் பென்சில்தான்! “வீட்ல செய்யுங்க” என்று அனுப்பி வைத்தது பெரும்பாலும் வேலைக்கு ஆகவில்லை.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 2019-ல் அதே குழுவினர் 310 பிள்ளைகளிடம், இந்தச் சிகிச்சை வாசிப்புத் திறனையும் கூட்டுமா என்று பார்த்தார்கள். போலிப் பயிற்சியைவிட அதிகப் பலன் இல்லை. கண் சேரும், தலைவலி குறையும், மார்க் தானாக ஏறாது. மாணவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும்போது இந்த இரண்டு ஆய்வையும் ஒரே வகுப்பில் வைக்க வேண்டும் என்பேன். ஒன்றை மட்டும் படித்தவர் பெற்றோரிடம் பொய்யான வாக்குறுதி கொடுப்பார்.

நம்ம ஊருக்கும் இதில் பங்கு உண்டு. சென்னையில் எலைட் ஆப்டோமெட்ரி பள்ளி 1985-ல் தொடங்கியது. தமிழ்நாட்டில் நகரத்திலும் கிராமத்திலும் 920 பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்து 2017-ல் ஓர் ஆய்வு வந்தது. மாறுகண் இல்லாமலேயே இருகண் பார்வையில் ஏதோ கோளாறு உள்ளவர்கள் இரண்டு இடத்திலும் சுமார் 30 சதவீதம். குவியும் திறன் குறைவுதான் அதிகம்.

பள்ளி முகாமில் ஒவ்வொரு குழந்தையிடமும் முழுச் சோதனை செய்ய முடியாது. அதனால் அந்த ஆய்வுக்குழு மூன்று சோதனைகளை மட்டும் பரிந்துரைத்தது. டார்ச்சும் சிவப்புக் கண்ணாடியும் வைத்துப் புள்ளி பிரியும் தூரத்தை அளப்பது. தூரத்திலும் கிட்டத்திலும் கண் விலகும் அளவில் எவ்வளவு வித்தியாசம் என்று பார்ப்பது. லென்ஸைப் புரட்டிப் புரட்டிக் காட்டி, ஒரு நிமிஷத்தில் எத்தனை தடவை எழுத்து தெளிவாகிறது என்று எண்ணுவது. மூன்றாவதில் ஒவ்வொரு புரட்டலுக்கும் “தெளிவாயிடுச்சு” என்று குழந்தைதான் சொல்ல வேண்டும்.