ஆக்சுவேட்டர்

மின்சாரம், அழுத்தக் காற்று, அழுத்த எண்ணெய் ஆகியவற்றில் ஒன்றிலிருந்து ஆற்றலைப் பெற்று, அதைத் தள்ளும், இழுக்கும் அல்லது சுழற்றும் அசைவாக மாற்றும் கருவி ஆக்சுவேட்டர். நூல்களில் இயக்கி என்றும் எழுதுவர். ஆலைகளில் இதற்குக் கட்டளை பெரும்பாலும் 4 முதல் 20 மில்லிஆம்பியர் மின்னோட்டமாக வருகிறது. அவ்வளவு சிறிய மின்னோட்டத்தால் பெரிய வால்வைத் திருப்ப முடியாது. வேறிடத்தில் காத்திருக்கும் ஆற்றலைத் திறந்துவிடுவதே அதன் வேலை.

வாஷிங் மெஷினில் தண்ணீர் நுழையும் சோலினாய்டு வால்வில் இதைப் பார்க்கலாம். சுருளில் மின்சாரம் பாய்ந்ததும் உள்ளிருக்கும் இரும்புத் தண்டு சற்று மேலேறி ஒரு நுண்துளையைத் திறக்கிறது. ரப்பர் சவ்வின் மேற்புறம் தேங்கிய நீர் அதன் வழியே வடிய, அங்கே அழுத்தம் குறைகிறது. உடனே குழாய் நீரின் அழுத்தமே சவ்வைத் தூக்கிப் பெரிய வழியைத் திறந்துவிடுகிறது. மின்சாரம் நின்றால் ஸ்பிரிங் தண்டை இறக்கிவிடும், வால்வு மூடிக்கொள்ளும்.

கனமான வேலைக்குச் சிலிண்டர்தான். அழுத்தத்தைப் பிஸ்டனின் பரப்பால் பெருக்கினால் விசை கிடைக்கும். 50 மி.மீ. உள்விட்டமுள்ள சிலிண்டரில் 6 பார் காற்றைச் செலுத்தினால் சுமார் 1,180 நியூட்டன், அதாவது 120 கிலோ எடையைத் தாங்கும் விசை. அதிலேயே 200 பார் எண்ணெய் என்றால் ஏறக்குறைய 4 டன். பேருந்துக் கதவுக்குக் காற்று போதும், ஜேசிபியின் கைக்கு எண்ணெய் வேண்டும் என்பதற்குக் காரணம் இந்தக் கணக்கே. திரும்ப இழுக்கையில் பிஸ்டன் தண்டு பரப்பில் ஒரு பங்கை அடைத்துக்கொள்வதால் விசை குறையும், 20 மி.மீ. தண்டானால் 16 சதவீதம் போய்விடும். காற்று அமுங்கக்கூடியது, ஆகவே பிஸ்டனை நடுவழியில் துல்லியமாக நிறுத்துவது கடினம். அந்தத் தொல்லை எண்ணெயில் மிகக் குறைவு.

துல்லியமே முக்கியமென்றால் திருகுதண்டு பூட்டிய சர்வோ மோட்டாரை நாடுவர். அதற்கும் நுணுக்கமாகப் பீசோ படிகம்: மின்னழுத்தம் கொடுத்தால் தன் நீளத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே நீளும். சில டீசல் என்ஜின்களின் இன்ஜெக்டருக்கு அதுவே போதுமானது.

விசையையும் வேகத்தையும் கேட்லாக்கில் பார்த்துத் தேர்ந்துவிடலாம். காற்றோ மின்சாரமோ திடீரென நின்றால் வால்வு எந்த நிலைக்குப் போக வேண்டும் என்பதைப் பொறியாளர்தான் முடிவு செய்ய வேண்டும். பாய்லருக்குப் போகும் எரிவாயு வால்வு தானாக மூட வேண்டும். குளிர்விக்கும் நீரின் வால்வோ பெரும்பாலும் தானாகத் திறக்க வேண்டும். இரண்டிலும் ஆக்சுவேட்டர் ஒரே வகையாக இருக்கலாம். ஸ்பிரிங் எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பதில்தான் வேறுபாடு.