திகில் திரைப்படங்களில் அச்சமூட்டும் குழந்தைகள்

அச்சமூட்டும் குழந்தை என்பது திகில் திரைப்படங்களில் பயன்படுத்தப்படும் ஒரு கதைக்கரு ஆகும். தோற்றத்தில் களங்கமற்ற ஒரு குழந்தை, தீய ஆற்றலின் வடிவமாகவோ அதன் பிடியில் சிக்கியதாகவோ இவ்வகைப் படங்களில் காட்டப்படுகிறது. இவற்றுள் சிறந்தவை குருதியையும் கோர உருவங்களையும் விட நிழல், அமைதி, இசை ஆகியவற்றால் அச்சத்தை உருவாக்குகின்றன. தமிழில் இக்கருவைக் கையாண்ட படங்களுள் ஜென்ம நட்சத்திரம் (1991) குறிப்பிடத்தக்கது.

வரலாறு

மெர்வின் லெராய் இயக்கிய த பேட் சீட் (1956) எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியைக் கொலையாளியாகக் காட்டியது. மூல நாவலில் அச்சிறுமி தப்பிவிடுகிறாள். குற்றம் தண்டிக்கப்பட வேண்டும் என்ற அக்கால ஹாலிவுட் தணிக்கை நெறிக்கேற்ப, படத்தில் அவள் மின்னல் தாக்கி இறப்பதாக முடிவு மாற்றப்பட்டது.

ஹென்றி ஜேம்ஸ் 1898 இல் எழுதிய குறுநாவலைத் தழுவி ஜாக் கிளேட்டன் இயக்கிய கருப்பு வெள்ளைப் படம் த இன்னசென்ட்ஸ் (1961) ஆகும். ஒரு மாளிகையில் இரு குழந்தைகளைப் பராமரிக்க வரும் ஆசிரியை, அவர்களை ஆவிகள் ஆட்டுவிப்பதாக நம்புகிறாள். ஆவிகள் உண்மையா, அவளது மனப்பிரமையா என்பதைப் படம் இறுதிவரை உறுதிப்படுத்துவதில்லை.

ரிச்சர்ட் டானரின் த ஓமென் (1976), பிறந்தவுடன் இறந்த குழந்தைக்கு மாற்றாக ஓர் அமெரிக்கத் தூதர் மனைவிக்குத் தெரியாமல் எடுத்து வளர்க்கும் சிறுவன் சாத்தானின் மகன் என அறியப்படும் கதையாகும். இப்படத்தின் இசைக்காக ஜெரி கோல்ட்ஸ்மித் ஆஸ்கார் விருது பெற்றார்.

தமிழில்

த ஓமென் படத்தைத் தழுவித் தக்காளி சீனிவாசன் இயக்கிய படமே ஜென்ம நட்சத்திரம். நாசர் இதில் நடித்துள்ளார். மூலக்கதை கிறித்தவ மறையின் முன்னறிவிப்புகளை அடிப்படையாகக் கொண்டது. தமிழ்த் தலைப்போ பிறந்த நாள்மீன் ஒருவரின் இயல்பையும் சுற்றத்தாரின் நலத்தையும் தீர்மானிக்கும் என்ற சோதிட நம்பிக்கையை நினைவூட்டுகிறது. (இதே பெயரில் 2025 இல் வேறொரு திரைப்படமும் வெளியானது.)

ஈர்ப்புக்கான காரணங்கள்

குழந்தையைக் காப்பது பெரியவர்களின் கடமை. அக்குழந்தையே ஆபத்தானது எனும்போது அவர்கள் தற்காத்துக் கொள்ளவும் இயலாமல், பிறரிடம் சொல்லவும் இயலாமல் தனித்துவிடப்படுகின்றனர். த ஓமென் படத்தின் உச்சக்காட்சியில் தந்தை தன் வளர்ப்பு மகனைக் கொல்லத் துணிகிறார். அவர் வெல்ல வேண்டும் என்று பார்வையாளர் விரும்பத் தொடங்குவதே அப்படம் உண்டாக்கும் ஆழமான அச்சமாகும்.

இந்த நிலை தமிழ் மரபுக்குப் புதியதன்று. தேவகியின் எட்டாவது குழந்தையால் தனக்கு மரணம் என்று கேட்ட கம்சன், அவளது பச்சிளங்குழந்தைகளைக் கொன்றான். புராணம் குழந்தையின் பக்கம் நிற்கிறது. இவ்வகைத் திரைப்படங்கள் பார்வையாளரைக் கம்சனின் இடத்தில் அமர்த்துகின்றன. கண்ணன் பிறந்த ரோகிணி நட்சத்திரத்தில் பிறக்கும் ஆண் குழந்தை தாய்மாமனுக்கு ஆகாது என்ற நம்பிக்கை தமிழ்நாட்டில் உண்டு. அதற்கு அறிவியல் அடிப்படை ஏதும் இல்லை. திரையரங்கில் அச்சம் படத்துடன் முடிந்துவிடுகிறது. வீட்டில் அதே ஐயம் எழுந்தால், அதன் சுமை எக்குற்றமும் செய்யாத குழந்தையின் மீதே விழுகிறது.