தைராய்டு: கூடினாலும் குறைந்தாலும் கவனம் தேவை

கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி வடிவில் இருக்கும் சிறிய சுரப்பிதான் தைராய்டு. உணவிலுள்ள அயோடினைக் கொண்டு டி4, டி3 என்ற ஹார்மோன்களை இது உண்டாக்குகிறது. உடல் சூடு, இதயத் துடிப்பு, செரிமானம், மாதவிடாய், கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சி எல்லாவற்றிலும் இவற்றுக்குப் பங்குண்டு. இந்தக் கோளாறு ஆண்களைவிடப் பெண்களுக்கே பல மடங்கு அதிகம்.

குறைவாகச் சுரந்தால்

சோர்வு, எடை கூடுதல், மலச்சிக்கல், வறண்ட தோல், முடி உதிர்தல், மறதி, குளிர் தாங்காமை, அதிக மாதவிடாய் ஆகியவை அடையாளங்கள். கருத்தரிப்பதும் தாமதமாகலாம். உடலின் எதிர்ப்பு சக்தி சொந்தச் சுரப்பியையே தாக்குவது இதற்கு முக்கியக் காரணம். 1912இல் இதை விவரித்த ஜப்பானிய மருத்துவர் ஹாஷிமோட்டோவின் பெயரால் அந்நோய் அழைக்கப்படுகிறது.

போடியிலிருந்து விடியுமுன் ஜீப் ஏறி, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குப் போகும் பெண்களிடம் இந்த அடையாளங்கள் எளிதில் மறைந்துவிடுகின்றன. குளிர்கிறது என்றால் மலைப்பனி என்கிறோம். அசதி என்றால் வேலைப்பளு என்கிறோம். மலையிறங்கி வீட்டுக்கு வந்த பிறகும் குளிரும் அசதியும் வாரக்கணக்கில் நீடித்தால் பரிசோதிக்க வேண்டும். வீட்டிலிருக்கும் பெண்ணைச் 'சோம்பேறி' என்று சொல்லுமுன்பும், குழந்தையில்லை என்று மருமகளைக் குறை கூறுமுன்பும் இதை நினைவில் வையுங்கள்.

அதிகமாகச் சுரந்தால்

நன்றாகச் சாப்பிட்டும் எடை குறையும். நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் வராது, காரணமின்றிக் கோபம் வரும். சிலருக்குக் கண்கள் பிதுங்கும். கவனிக்காவிட்டால் இதயத் துடிப்பு சீர்கெடும், எலும்பு பலமிழக்கும். 1835இல் இதை எழுதிய அயர்லாந்து மருத்துவர் கிரேவ்ஸின் பெயர் இந்நோய்க்கு நிலைத்தது. ஆனால் கழுத்து வீக்கத்துக்கும் கண் பிதுங்குவதற்கும் உள்ள தொடர்பை 12ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தவர் பாரசீக மருத்துவர் ஸய்யித் இஸ்மாயில் அல்ஜுர்ஜானி.

இத்தகையவரை 'ஜின் பிடித்துவிட்டது' என்று சிலர் ஓதிப் பார்க்க அழைத்து வருகிறார்கள். ரத்தப் பரிசோதனை செய்தீர்களா என்றே நாம் முதலில் கேட்கிறோம். துஆவும் மருந்தும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல.

பரிசோதனையும் மருந்தும்

மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, டிஎஸ்ஹெச் என்ற ஹார்மோன் மூலம் தைராய்டை வேலை வாங்குகிறது. பெரும்பாலும் தைராய்டு மந்தமானால் டிஎஸ்ஹெச் கூடும், மிகையானால் குறையும். எனவே அறிக்கையில் டிஎஸ்ஹெச் அதிகம் என்றிருந்தால் தைராய்டு அதிகம் என்று பொருளல்ல.

குறைவுக்கு லெவோதைராக்சின் மாத்திரை. வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே டீயோ உணவோ எடுக்க வேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். உடல் தேறிவிட்டது என்று தாமாக நிறுத்தக் கூடாது. மிகைக்குக் கார்பிமசோல் போன்ற மருந்து, கதிரியக்க அயோடின், அறுவை சிகிச்சை என வழிகள் உண்டு. கார்பிமசோல் எடுக்கும்போது காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

ரமளானில்

லெவோதைராக்சின் தினம் ஒரு வேளைதான் என்பதால் பெரும்பாலோருக்கு நோன்பு தடையில்லை. சஹர் உணவுக்கு அரை மணி நேரம் முன்போ, இரவு கடைசியாக உண்டு 3 மணி நேரம் கழித்துப் படுக்கும்போதோ எடுக்கலாம். மிகைச் சுரப்பு கட்டுக்குள் வராதவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரிடம் கேட்டே முடிவெடுக்க வேண்டும். அல்பகரா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்கள் நோயாளிக்குச் சலுகை தந்திருக்கின்றன.

உப்பும் குழந்தையும்

மலைச்சரிவுகளில் மழை மண்ணின் அயோடினை அரித்துச் செல்லும். அங்கு விளைவதிலும் அது குறையும். இமாசலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் 1956இல் டாக்டர் வி. ராமலிங்கசாமி குழுவினர் தொடங்கிய ஆய்வு, அயோடின் உப்பால் கழுத்துக் கழலை குறைவதை நிரூபித்தது. 1962இல் தேசியத் திட்டம் வந்தது. ஆனால் தூத்துக்குடியில் உப்பு விளையும் நம் மாநிலத்தில், 2018-19 அயோடின் ஆய்வின்படி, போதிய அயோடினுள்ள உப்பைப் பயன்படுத்திய வீடுகள் சுமார் 62 சதவீதமே.

அயோடின் சேர்க்காத கல்லுப்பும் இந்துப்பும் இதற்கு ஈடாகா. அயோடின் உப்பை மூடிய டப்பாவில், அடுப்பருகே இல்லாமல் வையுங்கள். சமையலின் முடிவில் சேருங்கள்.

கர்ப்பம் உறுதியானதும் டிஎஸ்ஹெச் பாருங்கள். ஏற்கெனவே மாத்திரை எடுப்பவருக்கு அப்போது அளவைக் கூட்ட நேரிடும். பிறந்த குழந்தைக்குக் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். பிறவிக் குறைபாட்டை முதல் இரண்டு வாரங்களில் கண்டு மருந்து தொடங்கினால் குழந்தையின் அறிவு வளர்ச்சி காக்கப்படும், இன்ஷா அல்லாஹ். தாமதத்தால் இழந்ததைப் பின்னர் எந்த மருந்தாலும் முழுதாக மீட்பது கடினம்.