ரிடிம் தொகுப்பின் ஆசிரியர் யார்? ‘திவாலி’ இசைத்தொகுப்பை முன்வைத்து

ஜமைக்காவின் டான்ஸ்ஹால் இசையில் பாட்டுக்கு முன்பே பிறந்துவிடுவது ரிடிம். தாளமும் விசைப்பலகை ஒலிகளும் சேர்ந்த அந்தப் பின்னணிக்குத் தனிப்பெயர் உண்டு. அதன்மேல் பாடகர் பலர் தனித்தனியே பாடுவார்கள். அப்பாட்டுகளை ஒன்றுசேர்த்து வெளியிடுவதே ரிடிம் தொகுப்பு. ஒரே சரக்கைத் திரும்பத் திரும்ப விற்கும் வணிக உத்தி என்று இதை ஒதுக்குவோர் உண்டு. அதை ஒரே படைப்பாகக் கேட்க வேண்டும், அதன் முதல் ஆசிரியர் ரிடிமை அமைத்தவரே என்பது இக்கட்டுரையின் வாதம்.

வழக்கம் பழையது. யூனிக்ஸ் குழுவின் ‘மை கான்வர்சேஷன்’ பாட்டின் பின்னணியை மட்டும் வைத்து ரூபி எட்வர்ட்ஸ் 1974-இல் ‘யமஹா ஸ்காங்க்’ என்ற முழு இசைத்தட்டையே வெளியிட்டார். 1985-இல் கேசியோ எம்டி-40 விசைப்பலகையில் ஏற்கெனவே பதிந்திருந்த தாளத்தின் வேகத்தைக் கிங் ஜாமி குறைத்து ‘ஸ்லெங் டெங்’ ரிடிமாக்கினார். அதன்பின் பின்னணிக்கு வாத்தியக் குழுவே வேண்டாம் என்றாயிற்று. ‘திவாலி’ 2002-இல் கிரீன்ஸ்லீவ்ஸ் நிறுவனத்தின் தொகுப்பு வரிசையில் வந்தது.

தீபாவளியின் பெயர் தாங்கிய இந்த ரிடிமை அமைத்தவர் ஸ்டீவன் ‘லெங்கி’ மார்ஸ்டன். அதன் உயிர் கைதட்டல் ஒலி. அது சீரான அடியில் விழாமல் அடிகளுக்கு நடுவே தாவி விழுகிறது. ‘கெட் பிசி’யில் ஷான் பால் ஏறக்குறைய ஒரே சுரத்தில் நின்று சொற்களை அத்தட்டலோடு மோதவிட்டு ஆட அழைக்கிறார். ‘நோ லெட்டிங் கோ’ என்ற காதல் பாட்டில் வெய்ன் வொண்டர் தட்டலைக் கண்டுகொள்ளாதவர்போல நீண்ட மெல்லிசை வரிகளை அதன்மேல் படரவிடுகிறார். பவுண்டி கில்லரின் ‘சஃபரர்’ வறுமையைப் பேசுகிறது. கொண்டாட்டமாக ஒலித்த அதே தட்டல் அங்கே பிடிவாதமாக, கோபமாகக்கூடக் கேட்கிறது. பின்னணி மாறாததால்தான் எங்கே மூச்சுவிடுவது, எங்கே தாளத்தை முந்துவது என்ற ஒவ்வொரு குரலின் தீர்மானமும் துலக்கமாகிறது. எல்லாப் பாட்டுகளும் இந்தத் தரமல்ல. இடம் நிரப்ப வந்தவையும் உண்டு. ஆனால் அவையும் ஒப்பீட்டுக்கு உதவுகின்றன.

தொகுப்பில் இழப்பும் உண்டு. நடன அரங்கில் இசைத்தட்டுகளைத் தேர்ந்து ஓடவிடும் செலெக்டர் பாட்டைப் பெரும்பாலும் முழுதாக ஓடவிடுவதில்லை. பாதியில் வெட்டி அதே ரிடிமின் அடுத்த பாட்டுக்குத் தாவுவார். ‘ஜக்ளிங்’ எனப்படும் இந்த முறையில் ஆடுவோருக்கு ஓட்டம் அறுவதே இல்லை. தொகுப்பிலோ ஒவ்வொரு பாட்டும் முடிந்து அடங்குகிறது. அதைக் கேட்டு மட்டும் ரிடிமை மதிப்பிடுவது போதாது.

2003-இல் ‘கெட் பிசி’ அமெரிக்கப் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது. வெய்ன் வொண்டரின் பாட்டும் லுமிடி பாடிய ‘நெவர் லீவ் யூ’வும் அதே ஆண்டில் அப்பட்டியலில் ஏறின. மூன்றுக்கும் பின்னணி ஒன்றே. பாடகர் பெயரால் பாட்டை அடையாளம் காணும் சந்தையில் மார்ஸ்டனின் பெயர் பின்னுக்குப் போனது.

ரிடிமின் ஆசிரியர் யார் என்ற கேள்வியின் சட்ட விளைவு சிறியதல்ல. ஜமைக்கத் தயாரிப்பாளர்களான ஸ்டீலி, கிளீவி இருவரும் 1989-இல் உருவாக்கிய ‘ஃபிஷ் மார்க்கெட்’ தாளம் ரெகேட்டான் பாட்டுகளில் எடுத்தாளப்பட்டதாக 2021-இல் கலிஃபோர்னியாவில் வழக்குத் தொடரப்பட்டது. தாள அமைப்பு பொதுச்சொத்து என்பது எதிர்த்தரப்பின் நிலைப்பாடு. ரிடிம் மரபு தாளத்தைப் பலருக்கும் திறந்து கொடுத்தது உண்மையே. ஆனால் அதே மரபுதான் ஒவ்வொரு தாளத்துக்கும் பெயரிட்டு, அப்பெயரையே தொகுப்பின் தலைப்பாக அச்சிட்டும் வந்திருக்கிறது. தாளம் யாருக்கும் உரியதல்ல என்போர் இந்தத் தலைப்புகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.