படுக்கையா, பாயா?

1950களில் காசநோய்க்குச் சானடோரியம்தான் சரியான இடம் என்று பெரும்பாலான மருத்துவர்கள் நம்பினார்கள். தூய காற்று, முழு ஓய்வு, பால், முட்டை எதுவும் இல்லாமல் வெறும் மாத்திரை என்ன செய்துவிடும் என்பது அவர்கள் கேள்வி. தாம்பரத்தில் அப்படி ஒரு சானடோரியம் இருந்தது. பக்கத்து ரயில் நிலையம் இன்றும் அந்தப் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் சென்னையின் நெரிசலான குடியிருப்புகளில் இருமிக்கொண்டிருந்த ஏழைகளில் மிகப் பலருக்கு அங்கே படுக்கை கிடைக்க வழியில்லை. அவர்களை முன்னிட்டே, 1956இல் தொடங்கிய சென்னை காசநோய் ஆய்வு மையம் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் ஒரு சோதனையில் இறங்கியது. 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்துக்கும் மறுபாதியை வீட்டுக்கும் அனுப்பியது. ஐசோனியசிட், பாஸ் என்ற அதே மருந்துகள்தான் இரு சாராருக்கும் ஓராண்டு தரப்பட்டன. வீட்டில் இருந்தவர்கள் மோசமாகச் சாப்பிட்டார்கள், ஓய்வும் குறைவு. ஆண்டு முடிவில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். 1959இல் வெளியான இந்த முடிவு சானடோரியங்களின் காலத்தை முடித்துவைத்ததில் பெரும் பங்கு வகித்தது.

அந்த ஆறு சதவீதத்தைக் காட்டி மறுப்பவர்கள் உண்டு. இவ்வளவு சிறிய குழுக்களில் அது தற்செயலாகவும் வரக்கூடிய வித்தியாசம். வீட்டிலிருப்பவர்களுக்கு நோய் தொற்றாதா என்ற அச்சம் இதைவிட நியாயமானது. ஐந்தாண்டுகள் குடும்பத்தினரைத் தொடர்ந்து பார்த்தபோது, வீட்டில் சிகிச்சை பெற்றதால் கூடுதல் ஆபத்து எதுவும் தெரியவில்லை. ஆனால் வலுவான ஆட்சேபம் இனிமேல்தான் வருகிறது: ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீடு தேடிப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள், எந்தச் சாதாரண மருத்துவமனை இதைச் செய்யும்? உண்மைதான். என் பார்வையில் அந்த ஆய்வின் பெருமையே அங்கேதான் இருக்கிறது. மருந்தின் வீரியத்தோடு, மனிதர்கள் அதை விழுங்குகிறார்களா என்பதையும் அவர்கள் அளந்தார்கள். உடம்பு சற்றுத் தேறியதும் பலர் நிறுத்திவிடுகிறார்கள் என்று கண்டதால்தான், வாரம் இருமுறை ஊழியர் கண்ணெதிரே மருந்து கொடுக்கும் முறையை அதே மையம் சோதித்தது. 1990களில் உலகெங்கும் பரவிய ‘டாட்ஸ்’ திட்டத்துக்கு அதுவும் ஒரு வேர். கூலி வேலையை விட்டுவிட்டு மையத்துக்கு நடந்த நோயாளியின் இழப்பைத்தான் அந்தத் திட்டம் போதிய அளவு கணக்கில் எடுக்கவில்லை.

இந்த ஆய்வை வைத்துச் சாப்பாடு முக்கியமில்லை என்று முடிவுகட்டியது பெரும் தவறு. மருந்தால் கிருமி ஒழிய நல்ல உணவு கட்டாயமில்லை என்பதுதான் சென்னையில் தெரிந்தது. உடனிருப்போர் நோயில் விழாமல் உணவு காக்குமா என்பதை அது சோதிக்கவில்லை. அதைச் சோதித்த ஜார்க்கண்ட் ஆய்வின் முடிவு 2023இல் வந்தது: நோயாளியின் குடும்பத்துக்கு மாதாமாதம் உணவுப் பொருள் கொடுத்தபோது, அவர்களிடையே புதிதாகக் காசநோய் வருவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது.