ரேகைச் சட்டம் எதுவரை நீண்டது?

குற்றப் பரம்பரைச் சட்டத்தை 1871இல் ஆங்கிலேய அரசு முதலில் வட இந்தியாவில்தான் கொண்டுவந்தது. 1911இல் அதைத் திருத்திச் சென்னை மாகாணத்துக்கும் விரித்தார்கள். 1914இல் மதுரையை அடுத்த கீழக்குயில்குடிக் கள்ளர்கள் மீது பாய்ந்த சட்டம், சில ஆண்டுகளிலேயே பிறமலைக் கள்ளர் சமூகம் முழுவதையும் வளைத்துக்கொண்டது. பத்து விரல்களிலும் மை தடவிப் பதிவேட்டில் ரேகை வைக்க வேண்டும். ராத்திரி ஊர்ச் சாவடியிலோ காவல் நிலையத்திலோ ஆஜராக வேண்டும். வெளியூர் போக அனுமதிச் சீட்டு வேண்டும். ஒரு சமூகத்தைக் குற்றப் பரம்பரை என்று அரசு அறிவித்துவிட்டால், அது சரியா என்று கேட்க எந்த நீதிமன்றத்துக்கும் அதிகாரம் இல்லை. இந்தக் கடைசி விதிதான் மற்ற எல்லாவற்றையும்விடக் கொடியது. தவறு நடந்தால் திருத்துவதற்கு இருந்த ஒரே கதவையும் அது சாத்திவிட்டது.

இந்தச் சட்டத்தின் பாதிப்பு ரேகை வைத்தவனோடு நிற்கவில்லை. அவனுடைய நடமாட்டத்தைப் போலீசுக்குச் சொல்லும் கடமை கிராமத் தலைவர் மீதும், ஊர்க் காவல்காரர் மீதும், நிலச் சொந்தக்காரர் மீதும் சுமத்தப்பட்டது. பக்கத்து வீட்டோடும் களத்து மேட்டோடும் இருந்த உறவுக்குள் அப்படித்தான் காவல் நிலையம் நுழைந்தது. தண்டனையின் அளவும் மாறியது. பதிவானவர் குறிப்பிட்ட சில குற்றங்களில் இரண்டாம் முறை தண்டனை பெற்றால் ஏழு ஆண்டுக்குக் குறையாத சிறை, மூன்றாம் முறை ஆயுள் முழுக்க நாடு கடத்தல். ஒரே குற்றத்துக்குப் பிறப்பைப் பார்த்து வேறு வேறு தண்டனை என்றான பிறகு சட்டத்தின் முன் சமத்துவம் எங்கே இருந்தது? 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த மக்களைப் போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண்ணும் மாண்டவர்களில் ஒருவர். கள்ளர்களுக்காக வாதாடிய பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப்பை அந்த மக்கள் ரோசாப்பூ துரை என்று அன்போடு அழைத்தார்கள்.

திருட்டு நடந்தது உண்மைதானே, அரசு கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியுமா என்று கேட்கலாம். திருடியவனைத் தண்டிக்க 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் ஏற்கெனவே கையில் இருந்தது. அதன்படி ஒவ்வொரு வழக்கிலும் சாட்சி வேண்டும், நிரூபணம் வேண்டும். அந்தச் சிரமத்தைத் தவிர்க்கவே புதுச் சட்டம் பயன்பட்டது. இன்னொரு வாதத்தை இவ்வளவு எளிதில் தள்ள முடியாது. அரசின் கள்ளர் சீரமைப்புத் திட்டம் பள்ளிகளைத் திறந்தது. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் அவை இன்றும் நடக்கின்றன. அவற்றில் படித்து முன்னேறிய தலைமுறைகளின் நன்றி நியாயமானது. ஆனால் கல்வி அந்த மக்களுக்கு உரிமையாக வரவில்லை, குற்ற குணத்துக்கு மருந்தாக வந்தது. பள்ளிக்கூடம் கட்ட ரேகைப் பதிவேடு தேவைப்பட்டிருக்கவில்லை.

முத்துராமலிங்கத் தேவர் உள்ளிட்டோரின் நெடிய போராட்டத்துக்குப் பின் 1947இல் சென்னை மாகாணத்திலும், 1952இல் நாடு முழுவதிலும் சட்டம் ஒழிந்தது. ஒழித்த கையோடு, வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை 1948இல் சென்னை அரசே கொண்டுவந்தது. ஏட்டளவில் அது சாதியைப் பார்க்கவில்லை, தனிமனிதரின் குற்றத்தைத்தான் பார்த்தது. ஆனால் பல மாநிலச் சிறை விதிகள், பழைய பட்டியலில் இருந்த சமூகங்களை அதே கண்ணோடுதான் தொடர்ந்து பார்த்தன. சிறைக்குள் சாதி பார்த்து வேலை பிரிப்பதும், சீர்மரபினர் எனப்படும் அந்தச் சமூகங்களை வழக்கமான குற்றவாளிகளாகக் கருதுவதும் அரசமைப்புக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2024 அக்டோபரில்தான்.