விமானிக்குக் காய்ச்சல் வந்தால்...

எழுபது நாற்பதாகக் குறைந்தால் காய்ச்சல் வருமா? வந்தது. 2024 ஏப்ரல் தொடக்கத்தில் விஸ்தாரா விமானிகள் பலர் "உடம்பு சரியில்லை" என்று சொல்லிவிட, விமானங்கள் வரிசையாக ரத்தாயின. ஏர் இந்தியாவோடு இணைப்பதற்காக வந்த புதுச் சம்பள ஒப்பந்தம்தான் அதன் பின்னணி.

வங்கிக்காரன் கணக்கில் சொல்கிறேன். பொதுத்துறை வங்கி அதிகாரிக்கு வருஷத்துக்கு 30 நாள் நோய் விடுப்பு, அரைச் சம்பளத்தில். இரண்டு நாளை ஒன்றாகக் கழித்துக்கொண்டால் முழுச் சம்பளம். படுத்துக் கிடந்தாலும் கவலையில்லை. விமானிக்கு அப்படியில்லை. அவர் வருமானத்தில் பெரும்பங்கு பறக்கும் மணிக்குத் தரும் படி. அதனால் ஒப்பந்தத்தில் அவர் முதலில் தேடுவது, பறந்தாலும் பறக்காவிட்டாலும் மாதம் எத்தனை மணிக்குப் பணம் உறுதி என்பதைத்தான். விஸ்தாராவில் அது 70 மணியாக இருந்தது, புது ஒப்பந்தத்தில் 40. மீதியைப் பறந்துதான் சம்பாதிக்க வேண்டும். பத்து நாள் காய்ச்சலில் கிடந்தால் யாருக்கு நஷ்டம் என்று நீங்களே கூட்டிக் கழித்துப் பாருங்கள்.

இந்தச் சண்டை புதிதல்ல. 2007-ல் ஏர் இந்தியாவையும் இந்தியன் ஏர்லைன்ஸையும் இணைத்தார்கள். கம்பெனி ஒன்றானது, ஒப்பந்தங்கள் ஒன்றாகவில்லை. பக்கத்து சீட்காரருக்கு ஒரு கணக்கு, நமக்கு ஒரு கணக்கு என்றால் யார்தான் சும்மா இருப்பார்? 2011-ல் பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகள் சம சம்பளம் கேட்டுப் பத்து நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மறு வருஷம் மே மாதம் எதிர்த்தரப்பின் முறை. புது போயிங் 787-ல் பயிற்சியை மற்றவர்களுக்கும் பங்கு போடுவதா என்று பழைய ஏர் இந்தியா விமானிகள் கூட்டமாக நோய் விடுப்பில் போனார்கள். 58 நாள்! சுமார் நூறு பேரை வேலையை விட்டு நீக்கினார்கள், சங்கத்தின் அங்கீகாரத்தையும் எடுத்தார்கள். கோடை லீவில் ஊருக்குக் கிளம்பிய வெளிநாட்டுக் குடும்பங்களின் பாட்டைச் சொல்லவே வேண்டாம்.

இடையில் 2009 செப்டம்பரில் ஜெட் ஏர்வேஸ். சங்கம் தொடங்கியவர்களில் இருவரை நீக்கியதும் நூற்றுக்கணக்கான விமானிகளுக்கு ஒரே நாளில் உடம்பு சரியில்லாமல் போனது. ஐந்து நாளில் சமரசம்.

நேராக வேலைநிறுத்தம் என்று சொல்லாமல் ஏன் காய்ச்சல்? 1947 தொழில் தகராறு சட்டப்படி விமானப் போக்குவரத்து பொதுப் பயன்பாட்டுச் சேவையாக இருந்தது. முன்னறிவிப்பு இல்லாமல் வேலைநிறுத்தம் செய்தால் சட்டவிரோதம். காய்ச்சலுக்கு ஏது முன்னறிவிப்பு? 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு, பாதிப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து எடுக்கும் தற்செயல் விடுப்பையும் வேலைநிறுத்தம் என்றே கொள்கிறது. நோய் விடுப்பு என்ற சொல் அதில் இல்லை (கவனித்தீர்களா!).

நிர்வாகத்தைக் கேட்டால் எல்லாம் பொய்க் காய்ச்சல் என்பார்கள். இருக்கலாம். ஆனால் மூக்கடைப்போடு மேலே போனால் காது அடைத்து வலி உயிர் போகும், அந்த நிலையில் விமானம் ஓட்டவே கூடாது. விடுப்பு கேட்பவரையெல்லாம் சந்தேகப்பட்டு, சம்பளத்தையும் பிடித்தால், நிஜமாகவே காய்ச்சல் உள்ளவர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு காக்பிட்டில் ஏறிவிடுவார். பின்னால் நூற்றைம்பது பேரோடு நாமும் இருப்போம். அதனால் நோய் விடுப்பில் கை வைப்பதை விட, உறுதி மணிக்கணக்கைக் குறைக்கும் முன் விமானிகளோடு உட்கார்ந்து பேசுவதே மலிவு என்பேன்.

விஸ்தாரா 2024 நவம்பர் 12-ல் ஏர் இந்தியாவோடு இணைந்துவிட்டது.